மூலிகைதானே என்று விட்டுவிடாதீர்கள்

வணக்கம் நேயர்களே. மன அழுத்தத்துக்கு மூலிகை எடுத்துக்கொள்ளலாமா என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. எடுக்கலாம், ஆனால் அதையும் மருந்தாக மதித்து எடுக்க வேண்டும்.

அமுக்கராக் கிழங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். வேரில் குதிரை வாடை அடிப்பதால் அசுவகந்தா என்று பெயர். அதன் தாவரவியல் பெயரில் உள்ள சோம்னிஃபெரா என்ற சொல்லுக்குத் தூக்கம் தருவது என்று பொருள். சிறிய ஆய்வுகள் பலவற்றில் பதற்றம் தணிந்து தூக்கமும் ஓரளவு சீராகியிருக்கிறது. அதே கிழங்கு தைராய்டு ஹார்மோனைக் கூட்டலாம், அபூர்வமாகக் கல்லீரலையும் பாதிக்கலாம், கர்ப்பிணிகளுக்கு வேண்டவே வேண்டாம். குங்குமப்பூவிலும் நம்பிக்கை தரும் ஆய்வுகள் உண்டு, பெரும்பாலும் ஒரு நாளைக்கு 30 மில்லிகிராம் சாறு கொடுத்துப் பார்த்தவை. கலப்படம்தான் அங்கே தொல்லை.

அப்புறம் செயின்ட் ஜான்ஸ் வோர்ட், மஞ்சள் பூ பூக்கும் செடி. இதைப் பற்றித்தான் முக்கியமாகப் பேச வந்தேன். 2008இல் 29 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மனச்சோர்வில் இது மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட நன்றாகவும் வழக்கமான மருந்துகளுக்கு இணையாகவும் வேலை செய்தது. நல்ல செய்திதான். ஆனால் கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகள் இருக்கின்றன அல்லவா, இந்தச் செடியில் உள்ள ஹைப்பர்ஃபோரின் அவற்றை முடுக்கிவிடுகிறது, அதனால் நீங்கள் வேளை தவறாமல் விழுங்கும் வேறு மாத்திரை, வேலையை முடிக்கும் முன்பே உடம்பிலிருந்து வெளியேறிவிடும். கருத்தடை மாத்திரை, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், எச்ஐவி மருந்துகள் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். 2000ஆம் ஆண்டில் வெளியான ஒரு மருத்துவக் குறிப்பில், மாற்று இதயம் பொருத்திக்கொண்ட இருவர் இதைச் சாப்பிட்டதால் மாற்று உறுப்பை உடம்பு நிராகரிக்காமல் தடுக்கும் சைக்ளோஸ்போரின் என்ற மருந்தின் அளவு இறங்கி, உடம்பு அந்த இதயத்தையே நிராகரிக்கத் தொடங்கிவிட்டது. மூலிகைதானே என்று நினைத்திருப்பார்கள், பாவம்.

மனச்சோர்வு மாத்திரையோடு இதைச் சேர்த்தால் மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின் என்ற வேதிப்பொருள் உடம்பில் அளவு மீறி நடுக்கம், காய்ச்சல், படபடப்பு வரலாம். மூலிகை ஆரம்பிக்கிறோம் என்று பழைய மாத்திரையைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. நிறுத்துவதென்றால் மருத்துவரோடு பேசி, மெதுவாக.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, நீங்கள் சாப்பிடும் பொடி, கஷாயம், மாத்திரை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள், திட்டுவார் என்று மறைக்காதீர்கள். இரண்டு வாரமாக எதிலும் ஆர்வமில்லை, தூக்கமில்லை என்றால் பொடியை நம்பி நாள் கடத்த வேண்டாம். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் அன்றைக்கே யாரையாவது கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். வணக்கம்.