ஓர் ஏக்கரில் 400 தொன் மழை

(அட்டனில் உயர்தரப் பௌதிகவியல் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரை)

பிள்ளைகளே, வேலை விட்டு நேரே வந்திருக்கும் அம்மாமாரே, அப்பாமாரே, வணக்கம்.

வாசலில் ஓர் அம்மா கேட்டார்: "பௌதிகவியல்னா புள்ள எதப் பத்தி சேர் படிக்கும்?" அந்தக் கேள்விக்கே பதில் சொல்கிறேன்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் அங்கே ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும்; அதற்கு மேல் சூடேறாது. கொழும்பில் சீக்கிரம் வேகும் பருப்பு மேலே அடம்பிடிப்பது அதனால்தான். இதை ஆராய்வது வெப்ப இயக்கவியல். தேயிலைத் தொழிற்சாலையில் காற்றை ஊதிக் கொழுந்தை வாட்டுவதும் அதே துறைதான்.

காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தேங்கும் தண்ணீர் குழாய்வழி இறங்கிச் சுழலியைச் சுழற்றும்வரை, அசைவையும் விசையையும் ஆராயும் பொறிமுறை. அந்தச் சுழற்சி மின்னாக மாறுவது, மைக்கேல் பரடே 1831இல் கண்ட மின்காந்தத் தூண்டலால். பழைய லக்சபானா மின் நிலையம் 1950இல் தொடங்கியது. அந்தத் தண்ணீர் ஓடும் மலையிலேயே நம் வரிசை வீடுகளான லயங்கள் பல நெடுங்காலம் குப்பி விளக்கில் கிடந்தன. அதைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒளி, ஒலி, அணுவின் கரு, நட்சத்திரம் என்று இன்னும் பல கிளைகள் உண்டு. 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே, மடிந்துபோன நட்சத்திரம் எவ்வளவு எடைவரை தாங்கும் என்று கணக்குப் போட்டவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். அப்போது அவருக்கு வயது 19. உங்களில் பலரின் வயதுதான்.

ஆனால் நான் பேச வந்தது மண்ணைப் பற்றி.

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அது ஏன் என்று கேட்பதும் பௌதிகவியல்தான். சரிவில் கிடக்கும் மண்ணை அதன் எடையே கீழே இழுக்கிறது. மண்மணிகளுக்கு இடையிலான உராய்வு பிடித்து வைக்கிறது. மழைநீர் இடுக்குகளில் நிறைந்ததும் அதன் அழுத்தம் மணிகளை விலக்கித் தள்ளுகிறது. மணி மணியை அழுத்தாவிட்டால் உராய்வு ஏது? மண்ணின் இந்தக் கணக்கை வகுத்தவர் கார்ல் தெர்சாகி என்ற பொறியியலாளர். அதில் இருப்பது நீங்கள் வகுப்பில் படிக்கும் அதே உராய்வும் அழுத்தமும்.

எடையையும் பாருங்கள். ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1 லீற்றர், அதாவது 1 கிலோ. 100 மில்லிமீற்றர் பெய்தால் ஓர் ஏக்கரில் 400 தொன்னுக்கும் மேல். கான், அதாவது வடிகால், திறந்திருந்தால் பெரும்பங்கு ஓடிவிடும். கான் அடைபட்டால் மண்ணுக்குள் இறங்கும். நம் தாத்தாமார் கான் வெட்டியது வெறும் கூலி வேலை அல்ல. அவர்கள் வெட்டிய கான்கள்தான் மலையைத் தாங்கின. நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று: இவற்றைக் கண்டால் மழை விடும்வரை காத்திருக்காதீர்கள். உடனே வெளியேறுங்கள்.

இந்தச் சரிவுகளைப் படிக்கும் பௌதிகவியலாளர் ஒருவர் இந்த லயங்களிலிருந்தே வரவேண்டும் என்பது என் ஆசை. தொடக்கத்துக்கு ஆய்வுகூடம் வேண்டாம். நேரான சுவருள்ள தகரப்பேணி ஒன்றைத் திறந்தவெளியில் வையுங்கள். தினமும் காலையில் ஒரே நேரத்தில் அடிமட்டத்தால் அளந்து எழுதி, தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி வையுங்கள். அதற்கென்றே 20 கொப்பிகள் கொண்டுவந்திருக்கிறேன், இந்த மேசையில் இருக்கின்றன. எந்தத் தோட்டம், எந்த டிவிசன் என்று முதல் பக்கத்தில் எழுதி எடுத்துப் போங்கள்.