கயிறு அவிழ்ந்த பிறகு

நேயர்களுக்கு வணக்கம். தென் மாவட்டப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகள் வரலாறு கற்பித்த எனக்கு, மாணவர்களின் மணிக்கட்டில் கிடக்கும் சாதிக் கயிற்றின் நிறத்தைக் கொண்டே யார் யாரோடு அமர்வார்கள் என்று சொல்லிவிட முடிந்தது என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும், உடன் படித்தவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டனர். அதன்பின் அரசு அமைத்த நீதியரசர் கே. சந்துருவின் ஒருநபர் குழு, சாதியைக் காட்டும் கயிறுகளுக்குத் தடை, அகர வரிசைப்படி இருக்கை எனப் பல பரிந்துரைகளை 2024 ஜூனில் அளித்தது. இவை தேவையானவையே. ஆயினும், அவிழ்த்த கயிற்றை ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் பத்திரப்படுத்தி, மாலை மணி அடித்ததும் மீண்டும் கட்டிக்கொண்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அருகருகே அமர்வது மட்டும் போதாது என்பதை உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-லேயே எழுதினார். சம மதிப்பு, பொதுவான இலக்கு, கூடிச் செய்யும் வேலை, பொறுப்பில் இருப்பவர்களின் ஆதரவு ஆகியவையும் வேண்டும் என்றார். கடைசியாகச் சொன்னது எங்களைப் பற்றியது. உதவித்தொகைப் படிவம் வந்த நாளில், பட்டியல் சாதிப் பிள்ளைகளை வகுப்பு நடுவே எழுந்து நிற்கச் சொன்னவன் நான்தான். எந்தக் கயிறும் அதைவிட உரக்கப் பேசியிருக்காது.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில், வெள்ளையர், கறுப்பர், மெக்சிகோ வழியினர் ஆகியோரின் பிள்ளைகள் ஒரே வகுப்புக்கு வந்து மோதிக்கொண்டபோது, உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971-இல் பாடத்தைத் துண்டு துண்டாக்கி ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். மற்றவர் சொல்லாமல் எவருக்கும் பாடம் முழுமையாகாது.

அதைப் படித்துவிட்டு, நானும் வ.உ.சி.யின் வாழ்க்கையை ஆறாகப் பிரித்தேன்: ஒட்டப்பிடாரம், வழக்கறிஞர் தொழில், 1906-இன் சுதேசிக் கப்பல் நிறுவனம், 1908-இன் கோரல் ஆலை வேலைநிறுத்தம், கோவைச் சிறையின் செக்கு, 1912-இல் விடுதலையான பின் வந்த வறுமை. (தலைவர்களையும் சாதிவாரியாகப் பங்கு போட்டுக்கொண்ட ஊரில் இதற்கும் துணிச்சல் வேண்டியிருந்தது.) செக்கு கிடைத்த மாணவன் திக்கித் திக்கிப் பேசினான், முதல் நாள் சிரித்தார்கள். தேர்வு நெருங்கியதும், சிரித்தவர்களில் ஒருவனே, "மெதுவாச் சொல்லுடா, அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டான்.

மதியச் சாப்பாடு மட்டும் வழக்கம்போல வெவ்வேறு மரத்தடியில்தான் நடந்தது. தேர்வுக்கு முந்தைய மாலை, சைக்கிள் கொட்டகையில் அவ்விருவரும் நின்று செக்கு கதையை மறுபடியும் பேசிக்கொண்டிருந்தார்கள். வீடு வந்து சேர்ந்த பிறகுதான், அவர்களுடைய மணிக்கட்டுகளை நான் பார்க்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.