பந்தை உரசப் பழகுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். ராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூர் பக்கம் டேபிள் டென்னிஸ் ஆட வரும் பிள்ளைகளுக்குக் கையில் வேகம் தாராளமாகவே இருக்கிறது. ஓங்கி அடிக்கிறார்கள். ஆனால் எதிராளி பேக்ஸ்பின் வைத்து, அதாவது பந்தைப் பின்னோக்கிச் சுழலவிட்டு, மெல்லத் தள்ளும் ஒரு புஷ் கொடுத்துவிட்டால் போதும், அதே அடி நேராக வலையில் போய் விழுகிறது. பேட்டால் பந்தை உரசிச் சுழலவைக்கத் தெரியாததுதான் காரணம்.

பந்தின் எடை வெறும் 2.7 கிராம். இவ்வளவு லேசான பொருள் சுழன்றுகொண்டே போனால், காற்று அதைத் திசைமாற்றும். டாப்ஸ்பின் பந்து, அதாவது முன்னோக்கிச் சுழலும் பந்து, கீழ்நோக்கித் தள்ளப்படும். அதனால்தான் வேகமாகப் போகும் பந்தும் 15.25 சென்டிமீட்டர் வலையைத் தாண்டியதும் சட்டென்று இறங்கிப் போர்டுக்குள் விழுகிறது.

சரி, எப்படி உரசுவது? பேட்டைத் தளர்வாகப் பிடியுங்கள். பந்து படும் நொடியில் மட்டும் விரல்கள் இறுகட்டும். கால் முட்டி மடங்கியிருக்கட்டும். வலக்கை ஆட்டக்காரருக்கு ஃபோர்ஹேண்டில், அதாவது வலப்பக்கத்து அடியில், உடல் எடை வலது காலிலிருந்து இடது காலுக்கு வர வேண்டும். பேக்ஸ்பின் பந்து வந்தால் பேட்டைத் தாழ்த்தி, அதன் முகத்தைக் கொஞ்சம் திறந்து, அதாவது மேல்நோக்கிச் சாய்த்து, மேல்நோக்கி உரசுங்கள். எதிராளி பேட்டை வைத்துத் தடுத்து, பிளாக் செய்த டாப்ஸ்பின் பந்துக்கு பேட்டின் முகத்தை மூடி, அதாவது கீழ்நோக்கிச் சாய்த்து, முன்னோக்கிப் போங்கள். இந்த இரண்டுக்கும் ஒரே அடியை வைத்திருக்கும் பிள்ளைகள்தான் அதிகம்.

2006-இல் மெல்போர்னிலும் 2022-இல் பர்மிங்காமிலும் காமன்வெல்த் ஒற்றையர் தங்கம் வென்ற நம் சென்னை சரத் கமலின் ஆட்டத்தை வீடியோவில் பாருங்கள். கையை விட்டுவிட்டு, காலையும் இடுப்பையும் மட்டும் கவனியுங்கள்.

தனியாகப் பழகச் சர்வீஸைவிட நல்லது எதுவும் இல்லை. உள்ளங்கையை விரித்துப் பந்தை 16 சென்டிமீட்டராவது மேலே விடுங்கள், அது விதி. இறங்கும்போது அடிப்பகுதியை மெல்லிசாகச் சீவுங்கள். பந்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் சுழல்வது கண்ணுக்குத் தெரியும். எதிர்ப்பக்கம் விழுந்த பந்து அங்கேயே தயங்கி நின்றால் சரியான வழியில் போகிறீர்கள். வலையை நோக்கித் திரும்பி உருண்டால் பேக்ஸ்பின் உங்கள் கைக்கு வந்துவிட்டது.

அப்புறம், பேட்டில் ஒட்டியிருக்கும் ரப்பர். நம் பகுதியில் கேரம் ஆடாத பிள்ளை இல்லை. அங்கே ஸ்ட்ரைக்கர் வழுக்கப் பவுடர் போடுகிறோம்; இங்கே வழுக்கினால் ஸ்பின்னே கிடையாது. கடற்காற்றின் ஈரமும் ஆடும்போது மின்விசிறியை நிறுத்துவதால் வரும் வியர்வையும் சேர்ந்து ரப்பரின் பிடிப்பைக் கெடுத்துவிடும். ஆட்டம் முடிந்ததும் ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, காயவிட்டு, பிளாஸ்டிக் தாள் ஒட்டி வையுங்கள். பந்தையும் துணியில் அடிக்கடி துடையுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. தொடங்கும் பிள்ளைக்கு விலை உயர்ந்த வேகமான ரப்பர் வேண்டாம். அடியில் கொஞ்சம் மெல்லிய ஸ்பாஞ்ச் உள்ள, பிடிப்பான சாதாரண ரப்பரே போதும். அதில்தான் உரசும் பழக்கம் ஒழுங்காக வரும். கை பழகிய பிறகு, பயிற்சியாளரைக் கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.

நன்றி, வணக்கம்.