வெதுவெதுப்பான நீரில் நடை

நேயர்களுக்கு வணக்கம். நான் சேலத்தில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். தீராத மூட்டுவலி, முதுகுவலி, பக்கவாதம் என்று அவதிப்படுகிறவர்களுக்கு வெதுவெதுப்பான நீருக்குள் தரும் பயிற்சியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதற்கான குளம் ஒன்று நம் ஊரில் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

என்னிடம் வருகிறவர்களின் உடம்பைப் பார்த்தே தொழிலைச் சொல்லிவிடலாம். அம்மாபேட்டையிலும் குகையிலும் பல வருடம் குழித்தறியில் மிதிபலகை மிதித்தவர்களுக்கு முழங்கால் போயிருக்கும். கொலுசுப் பட்டறையில் சம்மணம் போட்டுக் குனிந்தே பற்றவைத்தவர்களுக்குக் கழுத்தும் இடுப்பும். ஏற்காட்டுச் சரிவில் காபிப் பழம் பறிக்கும் பெண்களுக்கோ மார்கழிக் குளிரில் விரல்கூட மடங்காது.

இவர்களிடம் நாங்கள் சொல்வது, ‘நடங்க, பயிற்சி செய்யுங்க’ என்பதுதான். நடந்தால் வலிக்கிறது. வலிக்கிறதே என்று உட்கார்ந்துவிட்டால் தசை மெலிகிறது. தசை மெலிந்தால் மூட்டுக்கு வேலை கூடி, வலி இன்னும் ஏறுகிறது. இந்தச் சுழலை உடைக்கத் தண்ணீர் உதவும்.

நொச்சித் தழை போட்டுக் காய்ச்சிய வெந்நீரை உடம்பு வலிக்கு ஊற்றிக்கொள்வது நம் வீடுகளில் உள்ள பழக்கம்தான். சூடு தசைப்பிடிப்பை இளக்கும். குளத்தில் இறங்கும்போது இன்னும் இரண்டு நன்மைகள் சேர்கின்றன. இடுப்பளவு நீரில் நின்றால் உடல் எடையில் ஏறக்குறைய பாதிதான் கால் மேல் இறங்கும்; மார்பளவு நீரில் மூன்றில் ஒரு பங்கு. அறுபது கிலோ உள்ள அம்மாவின் முழங்கால் அங்கே இருபது கிலோ சுமந்தால் போதும். அதோடு, எந்தப் பக்கம் காலை வீசினாலும் நீர் எதிர்த்துத் தள்ளுவதால் தசைக்கு நல்ல வேலை கிடைக்கிறது.

நான் பயிற்சி பெற்ற காலத்தில் நெசவாளிப் பெரியவர் ஒருவரைச் சாய்தளம் வழியாக நீருக்குள் அழைத்துப் போனோம். கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். மார்பளவு வந்ததும் ஒரு கையை விட்டார். அப்புறம் முன்னும் பின்னும் நடந்தார், பக்கவாட்டில் நடந்தார், முழங்காலை இடுப்பு வரை தூக்கினார். கரையேறும்போதுதான் நின்றுவிட்டு, “என்னங்க, கால் மறுபடி கனக்குதே!” என்றார். அத்தனை நேரமும் எவ்வளவு பாரம் குறைந்திருந்தது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

சரி, ஊரில் உள்ள நீச்சல் குளம் போதாதா என்று கேட்பீர்கள். போட்டிக் குளத்தின் நீர் 25 முதல் 28 டிகிரி வரை இருக்கும். வேகமாக நீந்துகிறவர்களுக்கு அது சரி. மெதுவாக அசைகிற நோயாளிக்கு அதில் உடம்பு நடுங்கித் தசை இறுகும். சிகிச்சைக் குளத்துக்கு 33 முதல் 35 டிகிரி வேண்டும். ஏணிக்குப் பதில் சாய்தளமோ அகலமான படியோ வேண்டும். சக்கர நாற்காலியில் வருகிறவரை இறக்க ஒரு தூக்கியும் வேண்டும்.

இந்த நோய்கள் பத்து நாள் சிகிச்சையில் தீர்ந்துபோவதில்லை. முதுகெலும்பு இறுகிப்போகும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் இருபது, முப்பது வயதிலேயே தொடங்கிவிடும். அந்தப் பையன் ஆயுசு முழுக்கப் பயிற்சி செய்தாக வேண்டும். விட்டால் விறைப்பு திரும்பிவிடும். தனியார் இடங்களில் பத்துத் தடவைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குகிறார்கள். கையில் உள்ள பணம் தீர்ந்ததும் சிகிச்சையும் நின்றுவிடுகிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. அதனால்தான் குளம் பொதுவில் வேண்டும் என்கிறேன்.

செலவைப் பற்றியும் சொல்கிறேன். எட்டு மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம் என்றால் 48,000 லிட்டர். அதை ஒரு டிகிரி சூடாக்கச் சுமார் 56 யூனிட் மின்சாரம் ஆகும். சேலத்து வெயிலுக்குக் கோடையில் சில டிகிரி ஏற்றினாலே போதும். கூரையில் சூரிய வெந்நீர்க் கலன் வைத்தால் பெரும்பகுதி மிச்சம். நீர் ஆவியாகும்போதுதான் சூடு அதிகம் வெளியேறும் என்பதால் இரவில் குளத்தை விரிப்பால் மூடிவிட வேண்டும். வெதுவெதுப்பான நீரில் கிருமி சீக்கிரம் பெருகும். குளோரின் அளவைத் தினமும் பல தடவை சோதிக்க ஆள் போட்டே ஆக வேண்டும், அதில் சிக்கனம் கூடாது.

பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்காவிட்டால் நம் ஊரில் பாதிப் பேர் வரமாட்டார்கள். சேலையோடு நீரில் இறங்கினால் காலில் சுற்றிக்கொள்ளும். நீச்சல் உடை என்றாலோ கூச்சம். உடம்பை ஒட்டிய முழுக்கைச் சட்டையும் கால்சட்டையும் அங்கேயே கொடுத்து, பெண் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் கூடவே நின்றால் தயக்கமில்லாமல் வருவார்கள்.

திறந்த புண், காய்ச்சல், கட்டுப்படாத வலிப்பு, மோசமான இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் இறங்கக் கூடாது. மற்றவர்களும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். நடக்க முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் குளத்தை வீட்டுக்குக் கொண்டுவர முடியாதே. அரசு மருத்துவமனையை ஒட்டி அதை அமைத்தால், சீட்டு எழுதும் மருத்துவரும் பயிற்சி தருகிறவரும் ஒரே இடத்தில் கிடைப்பார்கள்.

திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் இதை மனுவாகக் கொடுங்கள். உங்களுக்கு என்ன நோய், எந்த ஊரிலிருந்து வருவீர்கள், எந்த நேரம் வசதிப்படும் என்று எழுதுங்கள். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வருகிறவர்கள், திரும்பிப் போகும் பேருந்து நேரத்தையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். நன்றி, வணக்கம்.