பிரசவ அறையில் பத்து நிமிடம்

அவைத் தலைவர் அவர்களே, பயிற்சி முடித்துப் பணியில் சேரவிருக்கும் செவிலிய மாணவியரே, வணக்கம்.

ஏழைப் பெண்கள் பிரசவத்துக்குப் பிறகு நீண்டகாலக் கருத்தடை செய்துகொள்ளாதது ஏன் என்று கேட்டால், ‘விழிப்புணர்வு போதாது’ என்ற பதில் தயாராக வந்து நிற்கிறது. பழியைப் பெண்ணின் தலையில் போட்டுவிட்டு நாம் நகர்ந்துகொள்ள வசதியான பதில் அது. அமெரிக்காவின் கதையைச் சொல்கிறேன். அங்கே கோளாறு பில் போடும் முறையில் இருந்தது.

முதலில் சாதனங்களைப் பற்றிச் சுருக்கமாக. கருப்பைக்குள் வைக்கும் காப்பர் வளையம் 10 ஆண்டுகள் வேலை செய்யும். ஹார்மோன் வளையம் வகைக்கேற்ப 3 முதல் 8 ஆண்டுகள். மேல்கையின் உட்புறத் தோலுக்கடியில் வைக்கும் இம்பிளான்ட், தீக்குச்சி அளவே உள்ள குச்சி. இவற்றில் எதைப் பயன்படுத்தினாலும், ஓராண்டில் நூறு பெண்களில் ஒருவர்கூடக் கருவுறுவது அரிது.

வளையத்தைப் பிரசவ மேசையிலேயே வைத்துவிடலாம். நஞ்சுக்கொடி வெளிவந்த பத்து நிமிடத்துக்குள் வைப்பது உத்தமம். அப்போது கருப்பை பெரிதாகவும் தளர்ந்தும் இருக்கும். வளையத்துடன் வரும் குழல் அதன் உச்சிவரை எட்டாது. அதனால் நீண்ட இடுக்கியில் வளையத்தைப் பிடித்து, மறு கையை வயிற்றின் மேல் வைத்துக் கருப்பையின் உச்சியைத் தொட்டு உணர்ந்தபடி, அங்கே கொண்டுபோய் விட வேண்டும். உச்சிக்குப் போகாமல் பாதியில் விட்டால் நழுவிவிடும். 48 மணி நேரம் கடந்துவிட்டால் நான்கு வாரம் பொறுத்திருக்க வேண்டும். ஒன்றை மறைக்கக் கூடாது. உடனடியாக வைத்த வளையம் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத் தானாக வெளியே வந்துவிடுகிறது. பிறகு வைப்பதில் அந்த அபாயம் வெகு குறைவு. இதை அந்தப் பெண்ணிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அப்படியானால் ஆறு வாரம் கழித்தே வைக்கலாமே என்பீர்கள். வந்தால்தானே வைப்பதற்கு! அமெரிக்காவில் பிரசவத்துக்குப் பிந்தைய பரிசோதனைக்கு நூற்றுக்கு நாற்பது பெண்கள்வரை வருவதில்லை என்று அந்நாட்டு மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பே சொல்கிறது. கைக்குழந்தை, சம்பளம் இழக்க முடியாத வேலை, தொலைவில் மருத்துவமனை. தாய்ப்பால் கொடுக்காதவருக்கோ 25 நாளிலேயே கருமுட்டை வெளிப்படலாம். ஆறாவது வாரம் அவருக்குத் தாமதமான தேதி.

இப்போது பில்லுக்கு வருவோம். அமெரிக்கப் பிரசவங்களில் பத்தில் நான்குக்கு ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் என்ற அரசு காப்பீடுதான் பணம் தருகிறது. முன்பு பிரசவத்துக்கு மொத்தமாக ஒரு தொகை. அதற்குள் எல்லாம் அடக்கம். நூற்றுக்கணக்கான டாலர் விலையுள்ள வளையத்தைப் பிரசவ அறையில் வைத்தால், அந்தச் செலவு மருத்துவமனையின் தலையில் விழும். அதே வளையத்தை ஆறு வாரம் கழித்துப் புறநோயாளிப் பிரிவில் வைத்தால் தனியாகப் பணம் வரும். ‘பிறகு வாருங்கள்’ என்று பெண்ணைத் திருப்பி அனுப்பியது இந்தக் கணக்குதான். இன்னொரு கொடுமை: கர்ப்பத்துக்காகக் கிடைத்த காப்பீடு அப்போது பல பெண்களுக்குப் பிரசவமாகி 60 நாளில் முடிந்துவந்தது.

2012-இல் தென் கரோலினா மாநிலம் வளையத்துக்கும் இம்பிளான்ட்டுக்கும் தனித்தொகை தரத் தொடங்கியது. இதில் முதல் மாநிலம் அதுவே. பிற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. 2016 ஏப்ரலில் மத்திய அரசும் வழிகாட்டிச் சுற்றறிக்கை அனுப்பியது. காப்பீட்டை ஓராண்டுக்கு நீட்டிக்க 2021-இல் சட்டம் வந்தது. ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டன. ஆனாலும் அரசாணை வந்ததும் வளையம் பிரசவ அறைக்குத் தானாக நடந்து வந்துவிடவில்லை. மருந்தகத்தில் இருப்பு வைக்க வேண்டும், இரவுப் பணியிலும் பயிற்சி பெற்ற கை இருக்க வேண்டும், கணக்குப் பிரிவுக்குப் புதிய குறியீடு தெரிய வேண்டும். கத்தோலிக்க மருத்துவமனைகளோ சமய விதிகளின்படி பொதுவாகக் கருத்தடை அளிப்பதில்லை.

இதுவரை பேசியது கிடைக்கச் செய்வதைப் பற்றி. திணிப்பதைப் பற்றியும் பேசாமல் இந்த மேடையை விட்டு இறங்க எனக்கு மனமில்லை. 1990 டிசம்பரில் நார்பிளான்ட் என்ற ஆறு குச்சி இம்பிளான்ட்டுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அடுத்த சில நாட்களிலேயே பிலடெல்பியாவின் முன்னணி நாளிதழ் ஒன்று, அரசு உதவி பெறும் தாய்மார்கள் அதைப் பொருத்திக்கொள்ள ஊக்கச் சலுகை தரலாம் என்று தலையங்கம் எழுதியது. கண்டனம் எழுந்ததும் மன்னிப்புக் கேட்டது. மறுமாதமே கலிபோர்னியாவில் ஒரு நீதிபதி, குற்றவாளியான ஒரு பெண்ணுக்கு அதைத் தண்டனை நிபந்தனையாகவே விதித்தார். பொருத்துவதை விட அதை எடுப்பது கடினம். எடுக்க விரும்பிய ஏழைப் பெண்களில் பலர் அலைக்கழிக்கப்பட்டார்கள்.

நல்ல நோக்கத்திலும் ஒரு சாய்வு ஒளிந்திருக்கலாம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் வட்டாரத்தில் 2007 முதல் 2011 வரை ஓர் ஆய்வுக்காக 9,256 பெண்களைச் சேர்த்து, எந்த முறையையும் இலவசமாகத் தந்தார்கள். நான்கில் மூவர் நீண்டகால முறைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். விலை எவ்வளவு பெரிய தடை என்பதற்கு இது சான்று. ஆனால் அங்கே ஆலோசனையே திறன் மிகுந்த முறையை முதலில் சொல்லும்படி அமைக்கப்பட்டிருந்தது. அந்த முடிவைப் படிக்கும்போது இதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

உங்கள் பணிக்கு வருகிறேன். கருத்தடை பற்றிய பேச்சைக் கர்ப்பகாலப் பரிசோதனைகளின்போதே பேசி முடித்துவிடுங்கள். வலியில் துடிப்பவரிடம் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவது சம்மதம் ஆகாது. வேண்டாம் என்றால் அதைப் பதிவேட்டில் எழுதிவிட்டு விடுங்கள். ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் புதிதாக ஒருவர் போய்க் கேட்க வேண்டாம். எடுத்துவிடச் சொல்லி ஒருவர் வந்தால் ‘இன்னும் மூன்று மாதம் பொறுத்துப் பாருங்கள்’ என்று அனுப்பாதீர்கள். அவர் காரணம் சொல்லத் தேவையில்லை.

துண்டுச்சீட்டில் ஒரு கேள்வி வந்திருக்கிறது: தாய்ப்பால் கொடுப்பவர் இவற்றைப் பயன்படுத்தலாமா? காப்பர் வளையத்தில் ஹார்மோனே இல்லை. பாலுக்கு எந்தத் தொடர்பும் கிடையாது. இம்பிளான்ட்டையும் ஹார்மோன் வளையத்தையும் பிரசவமான உடனேயே பொதுவாகப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டுதல் சொல்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியை மட்டும், பால் கொடுப்பவருக்கு ஆறு வாரம் கழித்துத் தொடங்குவதே அதன் பரிந்துரை. அடுத்த சீட்டைக் கொடுங்கள்.