வெளியே இருக்கும் சிஸ்டர்

எல்லாருக்கும் வணக்கம். துறவறத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள், நானும் பொதுவாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் இருந்தேன். போன வாரம் ஒருவர் என்னை ஓரமாக அழைத்துப் போய், "அந்த கார்மேல் சிஸ்டர் மடத்தை விட்டு வந்துட்டாங்களாமே, உண்மையா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். கேள்வியில் தப்பில்லை. அந்தக் குரல் தாழ்ந்த விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் இன்றைக்கு அதைப் பற்றியே பேசுகிறேன்.

முதலில் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாக இருக்கட்டும். பள்ளி நடத்துகிற, மருத்துவமனையில் வேலை செய்கிற சிஸ்டர்களைத்தான் நாம் தினமும் பார்க்கிறோம். நான் சொல்வது அவர்களை இல்லை. கார்மேல், கிளாரா சபை மாதிரி, உள்ளே போனால் செபமும் வேலையும் மௌனமுமாக அங்கேயே வாழ்ந்து அங்கேயே அடக்கமாகிறவர்கள். பல மடங்களில் பார்க்க வருகிறவர்களிடம் கம்பி அடைப்புக்குப் பின்னால் இருந்துதான் பேசுவார்கள், பொருள் கொடுப்பதென்றால் சுவரில் பதித்த சுழலும் பெட்டியில் வைத்துத் திருப்பிவிட வேண்டும். டாக்டரிடம் போவது, ஓட்டுப் போடுவது மாதிரி காரியங்களுக்கு வெளியே வருவார்கள், வேலை முடிந்ததும் திரும்பிவிடுவார்கள். அப்படிப்பட்ட ஒருவர் மாதக்கணக்கில் ஒரு வீட்டில் தங்கி, காய்கறிப் பையோடு தெருவில் நடந்தால் பார்க்கிறவர்களுக்குத் திக்கென்று இருக்கும்தான், அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் இதற்குத் திருச்சபைச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது, பெயரும் இருக்கிறது. எக்ஸ்கிளாஸ்ட்ரேஷன் என்பார்கள். கிளாஸ்ட்ரும் என்றால் லத்தீனில் அடைப்பு, அதற்கு வெளியே இருக்க அனுமதி, அவ்வளவுதான். 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் 686, 687 என்று இரண்டு பிரிவுகள் இதைப் பற்றியே பேசுகின்றன. தகுந்த பெரிய காரணம் இருந்தால், நித்திய வார்த்தைப்பாடு, அதாவது வாழ்நாள் முழுக்கத் துறவியாக இருப்பேன் என்ற வாக்கு, கொடுத்த ஒரு துறவிக்கு மூன்று ஆண்டு வரை இந்த அனுமதியை அவருடைய சபைத் தலைமையே கொடுக்கலாம். அடைபட்ட மடத்துக் கன்னியர் என்றால் மட்டும் ரோமாபுரிதான், அதாவது வத்திக்கான்தான், கொடுக்க வேண்டும் என்று இருந்தது. 2018இல் வத்திக்கான் வெளியிட்ட 'கோர் ஒரான்ஸ்' என்ற விதித்தொகுப்பு இதைக் கொஞ்சம் தளர்த்தியது. முதல் ஓராண்டுக்கு மடத்துத் தலைவியே தன் ஆலோசனைக் குழுவின் சம்மதத்தோடு கொடுக்கலாம், அந்தச் சிஸ்டர் எங்கே தங்கப் போகிறாரோ அந்த இடத்து ஆயரும் முன்கூட்டியே சம்மதிக்க வேண்டும். அதற்கு மேல் இரண்டு ஆண்டு வரை நீட்டிக்க மடங்களின் கூட்டமைப்புத் தலைவிக்கு அதிகாரம். அதையும் தாண்டினால் மறுபடி ரோமாபுரி.

இத்தனை கையெழுத்து விழுந்த பிறகு வெளியே நிற்கிறவரைப் பார்த்து நாம் "ஓடி வந்துட்டா" என்கிறோம்.

இதில் கவனிக்க வேண்டியது, வார்த்தைப்பாடு அப்படியே இருக்கிறது. கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் மூன்றும் அவரைவிட்டுப் போகவில்லை. வெளியே வாழும்போது கடைப்பிடிக்க முடியாத கடமைகளிலிருந்து மட்டும்தான் சட்டம் அவரை விடுவிக்கிறது. அடைப்பு கிடையாது, மடத்து மணிக்கு ஓட வேண்டியதில்லை, ஆனால் மடத்துத் தலைவியின் பொறுப்பிலும், தங்கியிருக்கிற இடத்து ஆயரின் பொறுப்பிலும்தான் அவர் இருக்கிறார். அனுமதிக் கடிதம் வேறு மாதிரி சொல்லாத வரை துறவற உடையையும் போட்டுக்கொள்ளலாம். ஒன்றுதான் இல்லை, மடத்துத் தேர்தலில் ஓட்டுப் போடவும் முடியாது, தேர்ந்தெடுக்கப்படவும் முடியாது. இது இல்லாமல் சாதாரண விடுப்பு என்று ஒன்றும் உண்டு, உடம்பு சரியில்லை, படிக்கப் போகிறார் என்றால் அது போதும், அதில் ஓட்டுரிமை போகாது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் அதிகம், சில நேரம் சாமியார்களே குழப்புவார்கள் (இங்கே இருக்கிற சாமியார் கோபித்துக்கொள்ள வேண்டாம்).

சரி, சட்டம் போதும்.

எனக்குத் தெரிந்த ஒரு சிஸ்டர் இப்படி அண்ணன் வீட்டில் வந்து தங்கினார். இருபது வருஷத்துக்கு மேல் கார்மேலில் இருந்தவர். வந்த முதல் வாரத்திலேயே அவருடைய அண்ணிக்கு ஒரே கவலை. இரவு எட்டரை ஒன்பது ஆனால் இவர் பேச்சை நிறுத்திவிடுவார், கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவார், அல்லது கையைக் காட்டுவார். "நாம ஏதாவது தப்பா சொல்லிட்டோமா, சாப்பாட்டுல குறையா" என்று அண்ணி புருஷனிடம் புலம்பித் தீர்த்திருக்கிறார். விஷயம் வேறு ஒன்றுமில்லை, மடத்தில் இரவு செபம் முடிந்ததும் பெரிய மௌனம் தொடங்கிவிடும், மறுநாள் காலைவரை அவசியம் இல்லாமல் வாய் திறக்கக் கூடாது. அந்த மணி அவருக்குள்ளே அடித்துக்கொண்டேதான் இருந்தது. அதை அவர் விளக்கிச் சொல்லவே ஒரு வாரம் ஆகியிருக்கிறது, ஏனென்றால் பகலில் அண்ணி வேலைக்குப் போய்விடுவார், இரவில் இவர் பேசமாட்டார்!

இன்னொன்று சொல்கிறேன். கார்மேலில் 'என்' என்கிற சொல்லைப் பொருளோடு சேர்க்க மாட்டார்கள், எதுவும் ஒருத்தருக்குச் சொந்தமில்லை என்பதற்காக நம்ம அறை, நம்ம புத்தகம், நம்ம விளக்கு என்றுதான் சொல்வார்கள். இவர் ஒரு நாள் காலையில் கோயிலுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "நம்ம செருப்பைக் காணோமே" என்றிருக்கிறார். அண்ணன் மகளுக்கு ஏழு வயது இருக்கும், அவள் ரொம்பப் பொறுமையாக, "அத்தை, அது உங்க செருப்பு, நம்ம செருப்பு இல்ல" என்று திருத்தியிருக்கிறாள். அவர் என்னிடம் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், சொல்லி முடிக்கும்போது சிரிப்பு நின்றுவிட்டது. இருபது வருஷம் கழித்து ஒரு செருப்பு தன்னுடையதாகிவிட்டது என்று ஒரு குழந்தை வந்து சொன்னால் எப்படி இருக்கும் என்று நானும் யோசித்துப் பார்த்தேன், எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

அப்புறம், இதெல்லாம் இந்தக் காலத்துக் கூத்து என்று நினைக்கிற பெரியவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. 1298இல் திருத்தந்தை எட்டாம் போனிபாஸ் கன்னியர் எல்லாரும் அடைப்புக்குள்தான் இருக்க வேண்டும் என்று ஆணை போட்டார், அதிலேயே கடும் தொற்றுநோய்க்கு விலக்கு வைத்திருந்தார். 1570இல் திருத்தந்தை ஐந்தாம் பத்திநாதர் இன்னும் இறுக்கினார், பெரிய தீ விபத்து, தொழுநோய், கொள்ளைநோய் என்று காரணங்களை விரல்விட்டு எண்ணும்படி வைத்தார், ஆனால் அவரும் கதவை முழுசாகப் பூட்டவில்லை. அந்தக் காலத்தில்தான் கார்மேல் சபையைச் சீர்திருத்திய அவிலா தெரசா வாழ்ந்தார். 1562இல் முதல் மடத்தை ஆரம்பித்து, அடைப்பு கடுமையாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் அவர்தான். ஆனால் பதினேழு மடங்கள் நிறுவுவதற்காக வண்டி கட்டிக்கொண்டு ஸ்பெயின் முழுக்க அலைந்தவரும் அவர்தான். மூடிய வண்டிக்குள்ளேயே மணி அடித்து மௌனம் காத்து, வேளை தவறாமல் செபம் சொல்லிக்கொண்டு போவார்களாம். திருத்தந்தையின் தூதர் ஒருவர் கடுப்பாகி, அமைதியில்லாத ஊர்சுற்றிப் பெண்பிள்ளை என்று திட்டியே விட்டார். கடைசியில் தெரசா இறந்தது அவிலாவில்கூட இல்லை, ஆல்பா தே தோர்மெஸ் என்ற ஊரில், 1582 அக்டோபர் 4ஆம் தேதி இரவு. நாட்காட்டி மாற்றியதால் அடுத்த நாள் அக்டோபர் 15! பயணத்தில் இருந்தவருக்குப் பொருத்தமாக நாளே பத்து நாள் தாண்டிப் போனது.

பிரெஞ்சுப் புரட்சியில் கொம்பியேன் ஊர் கார்மேல் சகோதரிகளுக்கு அனுமதி கேட்கவும் நேரமில்லை, கொடுக்கவும் ஆளில்லை. 1792 செப்டம்பரில் அரசே மடத்தைக் காலி பண்ணச் சொல்லிவிட்டது. சாதாரண உடை போட்டுக்கொண்டு, சின்னச் சின்னக் குழுவாகப் பிரிந்து ஊருக்குள் வீடுகளில் தங்கி, ஒழுங்கை விடாமல் வாழ்ந்தார்கள். பிறகு கைதானார்கள். பாரிஸுக்குக் கொண்டுபோக வண்டி வந்த நேரத்தில் அவர்களுடைய சாதாரண உடைகள் துவைக்கப் போட்டு ஈரமாகக் கிடந்தனவாம், அதனால் துறவற உடையிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். 1794 ஜூலை 17 அன்று பதினாறு பேரையும் கில்லட்டினில் தலை வெட்டிக் கொன்றார்கள். இரண்டு வருஷம் மடத்துக்கு வெளியே இருந்தவர்கள், 2024 டிசம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களைப் புனிதர்களாக அறிவித்தபோது யாரும் "மடத்தை விட்டு வந்தவர்கள்" என்று சொல்லவில்லை.

நம் பக்கத்து உதாரணம் வேண்டுமென்றால் அன்னை தெரசா இருக்கிறார். அவர் முதலில் இருந்த லொரேத்தோ சபை கார்மேல் மாதிரி இல்லை, பள்ளி நடத்துகிற சபைதான், ஆனாலும் அந்தக் காலத்தில் அங்கேயும் அடைப்பு ஒழுங்கு உண்டு. கல்கத்தா பேராயர் அவரிடம், வார்த்தைப்பாட்டிலிருந்தே விடுதலை கேட்டு விண்ணப்பிக்கச் சொன்னார். தெரசாவுக்கு அதில் விருப்பமில்லை, அவர் கேட்க நினைத்தது வெளியே வாழும் அனுமதிதான். கடைசியில் ரோமாபுரி அவர் ஆசைப்பட்டபடியே 1948இல் கொடுத்தது, ஓராண்டுக்கு. ஆகஸ்ட் 17 அன்று நீலக்கரை வெள்ளைச் சேலையோடு வெளியே வந்தார். தன் வீட்டையும் நாட்டையும் விட்டு வந்ததைவிட லொரேத்தோவை விட்டு வந்ததுதான் கஷ்டமாக இருந்தது என்று பின்னாளில் சொன்னார். அவருடைய சபைக்கு 1950 அக்டோபர் 7 அன்றுதான் அங்கீகாரம் கிடைத்தது. நடுவில் அந்த இரண்டு வருஷமும் பார்த்தவர்களில் எத்தனை பேர் குரலைத் தாழ்த்திப் பேசியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

எல்லாரும் புதுச் சபை தொடங்கவும் வரவில்லை, எல்லாரும் மனசு மாறியும் வரவில்லை. சிலருக்குப் படுக்கையில் கிடக்கிற அம்மாவைப் பார்க்க வேறு ஆள் இல்லை. சிலருக்கு மனசு உடைந்து போயிருக்கும், மடத்துக்குள் இருந்தால் அது சரியாகாது என்று மருத்துவரே சொல்லியிருப்பார். சிலருக்கு உள்ளபடியே சந்தேகம், இது எனக்கான அழைப்புதானா என்று. காலம் முடிந்ததும் அவர் திரும்பிப் போகலாம், வேறு மடத்துக்கு மாறலாம், வார்த்தைப்பாட்டிலிருந்து விடுதலை கேட்டு விண்ணப்பிக்கலாம். எதையும் முன்கூட்டியே முடிவு பண்ண வேண்டாம் என்றுதான் இந்த அவகாசமே கொடுத்திருக்கிறார்கள். நாம் போய் "எப்ப திரும்பிப் போறீங்க சிஸ்டர்" என்று ஒருவர், "இனிமே போக மாட்டீங்கதானே" என்று இன்னொருவர் கேட்டுக் கேட்டு அந்த அவகாசத்தைப் பிடுங்கிக்கொள்கிறோம்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இதை யாரும் வாய் திறந்து பேசுவதில்லை. அடைபட்ட மடத்தில் கடைசி வார்த்தைப்பாடு கொடுக்கும்போது சொத்து எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். வங்கிக் கணக்கு இருக்காது, வேலை அனுபவம் என்று எழுதிக் காட்ட எதுவும் இருக்காது. வெளியே இருக்கிற காலத்தில் மடம் எவ்வளவு தரும், வைத்தியச் செலவை யார் பார்ப்பார்கள் என்று கிளம்பும் முன்பே பேசி எழுதி வைத்துக்கொள்வதுதான் நல்லது. பக்தியான இடத்தில் பணத்தைப் பேசுவதா என்று கூச்சப்பட்டால், கடைசியில் அண்ணன் வீட்டுச் சமையலறையில்தான் அந்தப் பேச்சு வெடிக்கும்.

நான் சொன்ன அந்தச் சிஸ்டருக்குக் காலையில் செபிக்க இடம் இல்லாமல் இருந்தது. வீடு சின்னது, விடிவதற்குள் குக்கர் சத்தம், டிவி, பிள்ளைகளின் பள்ளி அவசரம். ஒரு நாள் பூட்டியிருந்த கோயில் வாசற்படியில் உட்கார்ந்து திருப்புகழ்மாலை, அதாவது துறவிகள் தினமும் வேளைக்கு வேளை சொல்லும் செபம், சொல்லிக்கொண்டிருந்தவரைக் கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை பார்த்திருக்கிறார். ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள், எந்த மடம், எப்போது போவீர்கள், ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து பூசைக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து பக்கக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, விசிறியைப் போட்டுவிட்டு, அவர் பாட்டுக்கு முற்றத்தைப் பெருக்கப் போய்விடுவாராம்.