பாராசிட்டமால்: இரண்டாவது மாத்திரையின் அட்டையையும் படியுங்கள்

(திரையில்: 500 மி.கி. மாத்திரை அட்டை)

வணக்கம். காய்ச்சலோ தலைவலியோ பல்வலியோ, எது வந்தாலும் கை முதலில் தேடுவது பாராசிட்டமாலைத்தான். அசெட்டமினோஃபென் என்று அச்சிட்டிருந்தாலும் மருந்து இதுவே.

சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் காய்ச்சல் தணியத் தொடங்கும், வலியும் குறையும். ஆனால் காய்ச்சலை உண்டாக்கிய கிருமியை இது ஒன்றும் செய்வதில்லை. மூன்று நாளாகியும் காய்ச்சல் விடவில்லை என்றால் மாத்திரையை நம்பிக் காத்திருக்காதீர்கள், மருத்துவரைப் பாருங்கள்.

பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 500 முதல் 1,000 மி.கி. அடுத்த வேளைக்குக் குறைந்தது 4 மணி நேர இடைவெளி வேண்டும். 24 மணி நேரத்தில் 4,000 மி.கி.யைத் தாண்டவே கூடாது. கல்லீரல் நோய், மதுப்பழக்கம், மிகக் குறைந்த உடல் எடை உள்ளவர்களுக்கு இந்த அளவே அதிகம். மருத்துவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். குழந்தைக்கு எடையைப் பார்த்தே அளவு. சொட்டு மருந்தும் சிரப்பும் ஒரே வீரியம் கொண்டவை அல்ல. ஒன்றின் அளவை மற்றொன்றுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

அளவோடு எடுத்தால் பக்கவிளைவுகள் குறைவு. அரிதாகத் தோலில் தடிப்பு, அரிப்பு வரலாம். முகம் வீங்கினாலோ, தோல் கொப்பளித்தாலோ, மூச்சு திணறினாலோ மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

(திரையில்: சளி மாத்திரை அட்டையின் பின்புறம், நெருக்கமாக)

நான் மிகவும் அஞ்சுவது இந்த இடத்தைத்தான். சளி, இருமல் மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் சேர்ந்திருக்கிறது. காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என்று போடுகிறவர், தெரியாமலே ஒரே மருந்தை இருமடங்கு விழுங்குகிறார்.

கல்லீரல் இந்த மருந்தைச் சிதைக்கும்போது சிறிதளவு நச்சுப்பொருளும் உருவாகிறது. குளூட்டாதயோன் என்ற பொருள் அதை உடனுக்குடன் முறித்துவிடும். மருந்து அளவு மீறினால் குளூட்டாதயோன் தீர்ந்துபோகும். எஞ்சிய நச்சு கல்லீரல் செல்களை அழிக்கும். கொடுமை என்னவென்றால், முதல் நாள் லேசான குமட்டலைத் தவிர வேறொன்றும் தெரியாமல் போகலாம். கண் மஞ்சளாகும்போது கல்லீரல் ஏற்கெனவே பெரிதும் சேதமாகியிருக்கும்.

இதற்கு அசெட்டைல்சிஸ்டைன் என்ற முறிமருந்து இருக்கிறது. அளவு மீறி மாத்திரை சாப்பிட்ட 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிக நன்றாக வேலை செய்யும். அளவு மீறிவிட்டது என்று தெரிந்தால், உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றாலும் உடனே கிளம்புங்கள். சாப்பிட்ட எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.